வால்வைச் சரிசெய்த பிறகு இருதயத்தின் எண் 62-இலிருந்து 50-க்கு இறங்கியது ஏன்?

சுங்கை சிப்புட் மகள் | திங்கள், இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 61. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உரம் போடும் வேலைக்குப் போனார். ஏழு வாரங்களுக்கு முன் கோலாலம்பூரில் அவருக்கு, இருதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை நடந்தது. நெஞ்செலும்பைப் பிளக்காமல், வலது மார்புக்குக் கீழே விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு கீறல் போட்டு, கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துச் செய்தார்கள். அந்தக் கீறல் என் சுட்டுவிரல் நீளம்கூட இல்லை. தொடை இடுக்கில் இன்னொரு சிறு வெட்டு இருக்கிறது. இருதய நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை அந்த வழியாக இணைத்ததாகச் சொன்னார்கள். வால்வின் பின் இதழைப் பிடித்திருக்கும் நாண் ஒன்று அறுந்துபோய், அந்த இதழ் ஒவ்வொரு துடிப்புக்கும் மேலறைக்குள் மடிந்து விழுந்துகொண்டிருந்ததாம். நாணுக்குப் பதிலாகச் செயற்கை நூலைக் கட்டி, வால்வின் விளிம்பைச் சுற்றி ஒரு வளையத்தையும் தைத்திருக்கிறார்கள். ஆறாம் நாள் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்.

எங்கள் குழப்பமெல்லாம் ஒலியலையால் இருதயத்தைப் பார்க்கும் எக்கோ சோதனையின் தாள்களைப் பற்றியது. அறுவைக்கு முந்திய தாளில் 'இ.எஃப். 62 விழுக்காடு, மைட்ரல் கசிவு கடுமையானது' என்று இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் 'இ.எஃப். 50 விழுக்காடு, கசிவு மிகச் சிறிதளவே' என்று இருக்கிறது. கசிவு நின்றுவிட்டது என்றால் இருதயம் பலப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? நல்லாயிருந்த இருதயத்தைக் கையை வைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று சித்தப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அப்பா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து காலை நடையை நிறுத்திவிட்டார். வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் இந்த எண் என்ன சொல்கிறது என்று எனக்குப் புரிய வேண்டும். அனுபவப்பட்டவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | திங்கள், இரவு 10.35

மகளே, முதலில் அப்பாவிடம் போய், அவருடைய இருதயத்தை யாரும் கெடுக்கவில்லை என்று சொல்லுங்கள். இருதய வார்டில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். மைட்ரல் கசிவைச் சரிசெய்த பிறகு அந்த எண் இறங்குவது நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் ஒன்று. அறுவைக்கு முன்பே பல டாக்டர்கள் குடும்பத்தாரிடம் இதைச் சொல்லிவைப்பார்கள். உங்களிடம் சொல்லியிருக்கவும் கூடும். அந்த நேரத்துப் பதற்றத்தில் யாருக்கும் காதில் ஏறாது.

இ.எஃப். என்பது, இடது கீழறை நிரம்பிய பிறகு அதிலிருக்கும் இரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. தள்ளிய இரத்தம் எங்கே போனது என்று அந்த எண் கேட்பதில்லை. அப்பாவின் வால்வு கசிந்துகொண்டிருந்த காலத்தில் கீழறைக்கு இரண்டு வாசல்கள் திறந்திருந்தன. ஒன்று, உடம்புக்குப் போகும் பெருந்தமனி. அங்கே அழுத்தம் அதிகம், தள்ளுவது கடினம். மற்றொன்று, கசியும் வால்வு வழியாகப் பின்னால் இருக்கும் மேலறை. அங்கே அழுத்தம் மிகக் குறைவு, தள்ளுவது சுலபம். சுலபமான வாசல் வழியாகப் பாதி இரத்தம் திரும்பி ஓடியதையும் அந்த எண் 'வெளியேற்றம்' என்றே எண்ணிக்கொண்டது. அதனால் 62 வந்தது.

தோட்டத்தில் ஆற்றுத் தண்ணீரை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றும் பம்பைப் பார்த்திருப்பீர்கள். குழாயில் ஒரு பெரிய ஓட்டை இருந்தால் பம்ப் சிரமமில்லாமல் ஓடும், சத்தம்கூட இலேசாக இருக்கும், ஆனால் தொட்டி நிரம்பாது. ஓட்டையை அடைத்த அன்றுதான் பம்ப் முழுப் பாரத்தையும் தூக்கத் தொடங்குகிறது. அப்பாவின் கீழறை இப்போது முழுப் பாரத்தைத் தூக்குகிறது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: வால்வைத் தைப்பதற்காக இருதயத்தை மருந்து கொடுத்து நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த அயர்ச்சி தெளியத் தசைக்குச் சிறிது காலம் தேவைப்படும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் எடுத்த எக்கோ அந்த அயர்ச்சியையும் சேர்த்தே காட்டுகிறது.

கணக்கு வாத்தியார் | செவ்வாய், காலை 6.50

மிஸ்ஸி அம்மா சொன்னதை எண்களில் போட்டுக் காட்டினால் அப்பாவுக்கு நன்றாக விளங்கும் என்று நினைக்கிறேன். நானும் வால்வு நோயாளிதான். என் டாக்டர் எனக்குத் துண்டுத் தாளில் போட்டுக் காட்டிய கணக்கு இது. கீழே வரும் அளவுகள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே; உங்கள் அப்பாவின் அளவுகள் அவருடைய தாளில்தான் இருக்கும்.

அறுவைக்கு முன்: கீழறை நிரம்பும்போது 180 மில்லிலிட்டர் இரத்தம் இருக்கிறது. ஒரு துடிப்பில் 112 மில்லிலிட்டரைத் தள்ளுகிறது. 112-ஐ 180-ஆல் வகுத்தால் 62 விழுக்காடு. ஆனால் அந்த 112-இல் 60 மேலறைக்குத் திரும்பிவிடுகிறது. உடம்புக்குப் போவது 52 மட்டுமே.

அறுவைக்குப் பின்: திரும்பி வந்து சேரும் உபரி இரத்தம் இல்லாததால் கீழறை 124 மில்லிலிட்டர்தான் நிரம்புகிறது. அதில் 62-ஐத் தள்ளுகிறது. 62-ஐ 124-ஆல் வகுத்தால் சரியாக 50 விழுக்காடு. ஆனால் இந்த 62 முழுவதும் உடம்புக்கே போகிறது.

நிமிடத்துக்கு 75 துடிப்பு என்று வைத்துக்கொண்டால், முன்பு உடம்புக்குக் கிடைத்தது 3.9 லிட்டர், இப்போது கிடைப்பது 4.65 லிட்டர். விழுக்காடு இறங்கியிருக்கிறது, சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் காலுக்கும் போகும் இரத்தம் கூடியிருக்கிறது. அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: முன்பு எத்தனை தலையணை வைத்துப் படுத்தார், இப்போது எத்தனை?

சுங்கை சிப்புட் மகள் | செவ்வாய், பிற்பகல் 1.20

ஐயா, உங்கள் பதிவைப் படித்தவுடன் அப்பாவிடம் கேட்டேன். அறுவைக்கு முன் மூன்று தலையணை வைத்து, அதுவும் போதாமல் விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து சன்னலோரம் நின்றுகொண்டிருப்பார். இப்போது ஒரு தலையணை. கால் வீக்கமும் வடிந்துவிட்டது. சாயங்காலம் சிலிப்பர் வாரின் தடம் பாதத்தில் பதிவதில்லை. இத்தனையும் நாள்தோறும் என் கண் முன்னால் இருந்தும், தாளில் இருந்த எண்ணைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டோம்.

செம்பனைச் சாலை | செவ்வாய், இரவு 8.05

நான் சித்தப்பாவின் பக்கம் நின்று ஒரு கேள்வி கேட்கிறேன். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 62 என்பது உண்மையான பலத்தைக் காட்டவில்லை என்றால், அறுவைக்கு முன்பே இருதயம் பலவீனமாகத்தான் இருந்தது என்றுதானே பொருள்? அப்படியானால் 'நல்ல எண்' என்று ஏன் அதை எழுதிக் கொடுக்கிறார்கள்? 62 என்று பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போடலாம் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? என் மூத்த அண்ணன் அப்படித்தான் தள்ளிப்போட்டார். அவருக்கு அறுவை செய்யும்போது எண் 45. அதன்பிறகு அது 40-ஐத் தாண்டவே இல்லை.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | செவ்வாய், இரவு 9.30

தம்பி, உங்கள் அண்ணனை நினைத்து வருந்துகிறேன். உங்கள் கேள்வி நியாயமானது. இந்த இழையில் எல்லாரும் படிக்க வேண்டிய இடமும் இதுதான்.

வால்வு கசியாத ஒருவருக்கு 55 என்பது நல்ல எண். வால்வு கடுமையாகக் கசிகிறவருக்கு 55 என்பது தசை தளர்ந்துவிட்டதற்கான அடையாளம். சுலபமான வாசல் திறந்திருந்தும் அவ்வளவுதான் தள்ள முடிகிறது என்று பொருள். அதனால்தான் அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் இரண்டும் கசியும் மைட்ரல் வால்வுக்குத் தனி எல்லை வைத்திருக்கின்றன. இ.எஃப். 60-க்கோ அதற்குக் கீழோ இறங்கினால், அல்லது கீழறை சுருங்கி முடித்த நிலையிலும் அதன் குறுக்களவு 40 மில்லிமீட்டரை எட்டினால், நோயாளிக்கு மூச்சிரைப்பு என்ற தொந்தரவே இல்லாவிட்டாலும் அறுவையைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவை சொல்கின்றன. இரண்டாவது அளவை நம் மக்கள் யாரும் கேட்பதில்லை. எனக்கோ அதுதான் நம்பகமான அளவு. கசிவு எவ்வளவு இருந்தாலும், சுருங்கி முடித்த பிறகு அறை எவ்வளவு பெரிதாக மிஞ்சுகிறது என்பது தசையின் உண்மையான நிலையைக் காட்டிக்கொடுத்துவிடும். வாத்தியார் ஐயாவின் கணக்கிலேயே பாருங்கள்: முன்பு 180-இல் 112 போக மிச்சம் 68, பின்பு 124-இல் 62 போக மிச்சம் 62. விழுக்காடு பன்னிரண்டு புள்ளி இறங்கியிருக்கிறது, மிச்சமோ கூடவில்லை, சிறிது குறைந்துகூட இருக்கிறது.

மகளே, அப்பாவின் பழைய தாளில் அந்தக் குறுக்களவு என்ன என்று பாருங்கள்.

சுங்கை சிப்புட் மகள் | செவ்வாய், இரவு 9.52

42 மில்லிமீட்டர் என்று இருக்கிறது.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | செவ்வாய், இரவு 10.10

எல்லையைச் சற்றுத் தாண்டிவிட்டார், வெகுதூரம் தாண்டவில்லை. அறுவைக்குப் பின் 50 வரை இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். முன்பே செய்திருந்தால் இறக்கம் குறைவாக இருந்திருக்கலாம். இப்போது செய்ததால் ஏறி வருவதற்கு இடமிருக்கிறது.

பழைய டிரெசர் | புதன், காலை 7.15

தோட்ட மருந்தகத்தில் டிரெசராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். தாமதம் எங்கே நடக்கிறது என்பதைச் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது.

மகளே, அப்பாவுக்கு மூச்சிரைப்பு தொடங்கியபோது முதலில் என்ன சொன்னார்கள்? நான் ஊகித்துச் சொல்கிறேன்: ஆஸ்துமா என்று சொல்லி, வாயில் அடிக்கும் மருந்தைக் கொடுத்திருப்பார்கள். நாற்பது வயதுக்கு மேல், அதுவரை ஆஸ்துமாவே இல்லாத ஒருவருக்குப் படுத்தால் மூச்சு முட்டி உட்கார்ந்தால் அடங்குகிறது என்றால், முதலில் சட்டையைக் கழற்றச் சொல்லி இருதயத்தைக் கேட்க வேண்டும். மைட்ரல் கசிவின் ஓசை இடது மார்பின் கீழே, இருதயத்தின் முனையில் தொடங்கும். 'உஸ்ஸ்' என்று நீண்டு பெரும்பாலும் அக்குளை நோக்கிப் போகும். பின் இதழ் மடிந்து விழுகிறவர்களுக்கு அந்த ஓசை சிலசமயம் மார்பின் மேல்பக்கமாகவும் கேட்கும். ஐந்து நிமிடம் செலவழித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கேட்டால் பிடித்துவிடலாம். நான் ஈப்போவுக்கு அனுப்பிவைத்தவர்களில் பலரை அந்த ஓசையை வைத்துத்தான் அனுப்பினேன். எல்லாரையும் பிடித்தேன் என்று சொல்ல மாட்டேன். விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு, முன் வரிசையாக நிற்பவர்களைச் சட்டையோடு பார்த்து அனுப்பிய நாட்களும் உண்டு; அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

சுங்கை சிப்புட் மகள் | புதன், பிற்பகல் 12.45

ஐயா ஊகித்தது சரிதான். ஒரு கிளினிக்கில் ஏறத்தாழ இரண்டு வருடம் ஆஸ்துமா என்றே மருந்து வாங்கினோம். ஒருநாள் காலை உர மூட்டையைத் தூக்கி மூன்றாவது நிரைக்குப் போவதற்குள் அப்பா அப்படியே செம்பனை மட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அரசாங்க மருத்துவமனையில் பார்த்த இளம் டாக்டர்தான் காதில் கருவியை வைத்த அரை நிமிடத்தில் நிமிர்ந்து பார்த்து, "எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்டார். அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நெஞ்சுத் தழும்பு | புதன், இரவு 8.40

நான் 2009-இல் பழைய முறையில் அறுவை செய்துகொண்டவன். சிறு வயதில் லயத்தில் இருந்தபோது அடிக்கடி தொண்டைப்புண் வரும். பிறகு மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சல் வந்தது. அது வாதக் காய்ச்சல் என்பது அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது. முப்பது வயதில் வால்வு தடித்து, சுருங்கி, சரிசெய்யவே முடியாத நிலைக்கு வந்துவிட்டது. நெஞ்செலும்பை நெடுக அறுத்து, உலோக வால்வை வைத்து, எலும்பைக் கம்பியால் கட்டினார்கள். தோளில் காண்டாக் கம்பை வைத்து இரண்டு வாளி பால் தூக்கியவன், மூன்று மாதம் ஒரு தண்ணீர்க் குடத்தைத் தூக்கக்கூடாது என்று உட்காரவைக்கப்பட்டேன். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு இருமுவேன். இன்றுவரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை. இரத்தப் பரிசோதனைக்கு ஈப்போவுக்குப் போய்க்கொண்டே இருக்கிறேன்.

என் கேள்வி: இவ்வளவு சின்ன ஓட்டை வழியாகச் செய்தால் வேலை சுத்தமாக இருக்குமா? பெரிதாகத் திறந்தால் டாக்டருக்கு எல்லாம் கண் முன்னால் தெரியும். தழும்பு சிறிதாக இருக்க வேண்டும் என்பதற்காக இருதயத்தைப் பணயம் வைக்கலாமா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | புதன், இரவு 10.20

அண்ணே, நீங்கள் பட்டது பெரிய பாடு. உங்கள் கேள்விக்கு விடை தேடுவதற்கென்றே பிரிட்டனில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2023-இல் முடிவு வந்தது. மைட்ரல் வால்வு கசிந்த 330 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நெஞ்செலும்பைத் திறந்தும், மறு பாதிக்குப் பக்கவாட்டுச் சிறு கீறல் வழியாகக் கேமரா வைத்தும் செய்தார்கள். இரு தரப்பிலும் நூற்றுக்கு 96 பேர் அளவுக்கு வால்வை மாற்றாமல் சரிசெய்ய முடிந்தது. பன்னிரண்டு வாரம் கழித்து உடல் இயக்கத்தை அளந்தபோது இரண்டு தரப்பும் சமமாக இருந்தார்கள். ஆறு வார அளவில் சிறு கீறல் தரப்பு முன்னால் இருந்தது. மருத்துவமனையில் தங்கும் நாளும் நடுமதிப்பில் ஆறுக்கு ஐந்து என்று ஒரு நாள் குறைவு.

இதை நான் புரிந்துகொள்ளும் விதம் இது: கீறல் சிறிதா பெரிதா என்பது எலும்புக்கும் தசைக்கும் வலிக்கும் வேலைக்குத் திரும்பும் நாளுக்கும் சம்பந்தப்பட்டது. இருதயத்தின் இயக்கம் எப்படி மீள்கிறது என்பது வேறு மூன்றைப் பொறுத்தது. கசிவு முழுதாக நின்றதா, சொந்த நாண்களும் அவை பிடித்திருக்கும் தசைமுடிச்சுகளும் காப்பாற்றப்பட்டனவா, கீழறை தளர்வதற்கு முன் செய்யப்பட்டதா. இரண்டாவதைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நாண்கள் வால்வுக்கு மட்டும் உரியவை அல்ல. கீழறையின் சுவரை உள்ளிருந்து இழுத்துப் பிடித்து, அது சுருங்குவதற்கும் துணை நிற்பவை. அந்தக் காலத்தில் வால்வை மாற்றும்போது நாண்களையும் சேர்த்து வெட்டி எடுத்ததில் பலருக்குக் கீழறை வடிவம் குலைந்து, எண் மிகவும் கீழே போனது. பாரிஸில் அலைன் கார்பென்டியர் 1960-களின் இறுதியிலிருந்து வளையம் வைத்து வால்வைச் சரிசெய்யும் முறையை வளர்த்தெடுத்தது இந்தத் துறையையே மாற்றிவிட்டது.

ஆனால் எல்லாருக்கும் சிறு கீறல் பொருந்தாது. கால் தமனி அடைபட்டவர்கள், வலது நுரையீரலில் முன்பே அறுவை செய்து ஒட்டிக்கொண்டவர்கள், வால்வின் விளிம்பில் சுண்ணாம்பு கட்டிப்போனவர்கள், பைபாஸும் சேர்த்துச் செய்ய வேண்டியவர்கள் ஆகியோருக்கு நெஞ்செலும்பைத் திறப்பதே பெரும்பாலும் பாதுகாப்பு. சிறு கீறல் முறையில் இயந்திரத்தில் இருக்கும் நேரமும் பொதுவாகச் சற்றுக் கூடும். ஆகவே, 'சின்ன ஓட்டைதானே போடுவீர்கள்?' என்று கேட்பதற்கு முன், 'ஆண்டுக்கு எத்தனை மைட்ரல் வால்வைச் சரிசெய்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்கு மாற்ற வேண்டி வருகிறது?' என்று கேளுங்கள். நம் மக்கள் டாக்டரிடம் இப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். மரியாதையாகவே கேட்கலாம்; நல்ல டாக்டர்கள் நேராகப் பதில் சொல்வார்கள்.

பீடோர் மருமகள் | வியாழன், காலை 10.05

இந்த இழையை நேற்று இரவு முழுதும் படித்தேன். என் மாமியாருக்கு வயது 74. நான்கு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்தது. இப்போது இ.எஃப். 30, மைட்ரல் கசிவும் கடுமையாக இருக்கிறது. அறுவை தாங்கமாட்டார் என்கிறார்கள். தொடை வழியாகக் 'கிளிப்' போடலாமா என்று பார்ப்பதாக டாக்டர் சொன்னார். மேலே சொன்ன கணக்கின்படி கசிவை அடைத்தால் எண் இன்னும் இறங்கி, 30 என்பது 20 ஆகிவிடாதா? அந்தப் பயத்தில் வீட்டில் யாரும் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | வியாழன், பிற்பகல் 3.30

மருமகளே, உங்கள் மாமியாரின் கதை வேறு. சுங்கை சிப்புட் மகளின் அப்பாவுக்கு வால்வு கெட்டது. அதனால் கீழறை பெரிதானது. உங்கள் மாமியாருக்கு மாரடைப்பில் கீழறை கெட்டுப் பெரிதானது. அது வால்வின் இதழ்களை இரு பக்கமும் இழுத்து, நடுவில் சேரவிடாமல் செய்கிறது. இதழ்கள் நல்லாத்தான் இருக்கும். கதவு நல்லாயிருக்கிறது, நிலை அகன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளிப் என்பது 1991-இல் மிலானில் ஒட்டாவியோ அல்ஃபியேரி செய்த ஒரு தையலிலிருந்து பிறந்த யோசனை. இரண்டு இதழ்களின் நடுப்பகுதியையும் சேர்த்து ஒரு தையல் போட்டார். வால்வு ஒரு வாசலுக்குப் பதில் இரண்டு சிறு வாசல்களாகத் திறந்தது, கசிவு குறைந்தது. அதையே கத்தி படாமல் செய்யலாம் என்று கண்டுபிடித்து, 2003-இல் முதல் நோயாளிக்குக் கிளிப்பைப் பொருத்தினார்கள். தொடைச் சிரை வழியாகக் குழாயை ஏற்றி, இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் துளையிட்டு இடப்பக்கம் போவார்கள். உணவுக்குழாய்க்குள் எக்கோ கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே, துடிக்கிற இருதயத்திலேயே இதழ்களைக் கவ்வுவார்கள். நெஞ்சைத் திறப்பதில்லை, இருதயத்தை நிறுத்துவதுமில்லை. அதனால் பலவீனமான இருதயமும் இதைத் தாங்குகிறது.

உங்கள் மாமியாரைப் போன்றவர்களை வைத்தே இரண்டு பெரிய ஆய்வுகள் 2018-இல் வெளிவந்தன. ஒன்று பிரான்சில் 304 பேரிடம் நடந்தது. ஓராண்டில் இறப்பு அல்லது இருதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது என்ற கணக்கில், கிளிப் போட்டவர்களுக்கு 54.6 விழுக்காடு, போடாதவர்களுக்கு 51.3 விழுக்காடு, பயன் தெரியவில்லை. மற்றொன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 614 பேரிடம் நடந்தது. அதில் இரண்டு ஆண்டுகளில் இறந்தவர்கள் கிளிப் தரப்பில் 29.1 விழுக்காடு, மருந்து மட்டும் தரப்பில் 46.1 விழுக்காடு. ஒரே கருவி, ஒரே ஆண்டு, இரண்டு விடை. டாக்டர்கள் இதைப் பற்றிப் பல நாள் விவாதித்தார்கள். பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட விளக்கம் இதுதான்: அமெரிக்க ஆய்வில் சேர்ந்தவர்களுக்குக் கசிவு பெரிது, கீழறை அவ்வளவாக விரியவில்லை, மருந்தையும் முழு அளவுக்கு ஏற்றிய பிறகே சேர்த்தார்கள். பிரெஞ்சு ஆய்வில் கசிவு சிறிது, கீழறை மிகவும் விரிந்துவிட்டது. கசிவு அறையின் அளவை மிஞ்சி நிற்கிறவருக்குக் கிளிப் உதவுகிறது. அறையே முற்றிலும் தளர்ந்தவருக்கு உதவுவதில்லை.

எண்ணைப் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். கிளிப் போட்டால் 30 என்பது 50 ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாரடைப்பில் செத்த தசை உயிர்க்காது. கிளிப்பால் எதிர்பார்ப்பது வேறு: நுரையீரலில் நீர் கோப்பது குறைவது, கீழறை மேலும் விரிவது தணிவது, மருத்துவமனைக்கு ஓடும் தடவைகள் குறைவது. அமெரிக்க ஆய்வில் நூறு பேருக்கு ஓராண்டில் 68 தடவை என்றிருந்த சேர்க்கை, கிளிப் போட்டவர்களிடம் 36 தடவையாக இருந்தது. எண் சற்று இறங்கினாலும், மாமியார் குளியலறைக்குத் தானே நடந்து போய்வருகிறாரா என்று பாருங்கள். டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மருந்துகள் தாங்கக்கூடிய முழு அளவுக்கு ஏற்றப்பட்டுவிட்டனவா? கசிவு கீழறையின் அளவுக்கு மிஞ்சியதா? கிளிப்புக்குப் பிறகு வால்வு குறுகிப்போகாத அளவுக்கு வாசல் அகலமாக இருக்கிறதா?

நெறியாளர் | வியாழன், மாலை 5.00

மருந்தின் பெயரையும் அளவையும் தனிப்பட்ட நோயாளிக்காக இங்கே யாரும் பரிந்துரைக்க வேண்டாம். அத்தகைய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன.

பீடோர் மருமகள் | வியாழன், இரவு 9.15

மிஸ்ஸி அம்மா எழுதிய மூன்று கேள்விகளையும் என் கணவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். செலவைப் பற்றி யாருக்காவது தெரியுமா?

கணக்கு வாத்தியார் | வியாழன், இரவு 9.40

கருவி விலை அதிகம். அரசாங்க மருத்துவமனையில்கூடச் சில உபகரணங்களுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டி வரலாம். அப்படி வந்தால், அங்கேயே இருக்கும் மருத்துவச் சமூகநல அதிகாரியைப் பார்த்து, சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு மனு போடுங்கள். குடும்ப வருமானத்தைக் காட்டும் தாள்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். டாக்டர் தேதி கொடுக்கும் முன்பே போவது நல்லது.

நெஞ்சுத் தழும்பு | வெள்ளி, காலை 6.30

மகளே, ஒன்றை மறந்துவிடாதீர்கள். வளையம் வைத்தவர்களும் பல்லைக் கவனிக்க வேண்டும். ஈறில் சீழ் வைத்தால் கிருமி இரத்தத்தில் கலந்து வால்வில் போய் உட்காரும். பல் பிடுங்கும் முன் வால்வு அறுவையைப் பற்றிப் பல் டாக்டரிடம் சொன்னால், முன்கூட்டியே கிருமி மருந்து கொடுப்பார். அப்பா வெற்றிலை போடுகிறவரா?

சுங்கை சிப்புட் மகள் | வெள்ளி, பிற்பகல் 1.10

போடுவார், அண்ணே. அம்மா இன்று காலையில் வெற்றிலைப் பெட்டியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

சுங்கை சிப்புட் மகள் | மூன்று வாரங்களுக்குப் பிறகு, புதன், இரவு 8.30

நேற்று டாக்டரைப் பார்த்தோம். மிஸ்ஸி அம்மா சொன்னதையே அவரும் சொன்னார். 62-ஐ இனிமேல் ஒப்பீட்டுக்கு எடுக்கக்கூடாது, 50-தான் தொடக்கப்புள்ளி என்றார். வார்ஃபரின் மாத்திரையை மூன்று மாதம் முடியும்வரை கொடுத்துவிட்டு, துடிப்பு சீராக இருந்தால் நிறுத்தலாம் என்றார். அதுவரை கீரையைத் தவிர்க்க வேண்டாம், வாரத்துக்கு வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும் என்று சொன்னதில் அம்மாவுக்குத்தான் பெரிய நிம்மதி. வீட்டுக் கொல்லையில் முருங்கை காய்த்துத் தள்ளுகிறது. உப்பு மட்டும் குறைய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கருவாட்டுக்கு விடை கொடுத்தாயிற்று.

சித்தப்பாவையும் கூட அழைத்துப் போயிருந்தோம். வாத்தியார் ஐயாவின் கணக்கை நான் டாக்டரிடம் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, சித்தப்பாவின் பக்கம் திருப்பி, பேனாவால் 52-ஐயும் 62-ஐயும் வட்டமிட்டுக் காட்டினார். சித்தப்பா தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை ஆறரைக்கு அவரே வந்து, அப்பாவை நடக்க அழைத்துப் போனார்.

செம்பனைச் சாலை | புதன், இரவு 9.05

மகிழ்ச்சி, தங்கச்சி. அடுத்த எக்கோ எப்போது என்று எழுதுங்கள். குறுக்களவையும் மறக்காமல் கேட்டு எழுதுங்கள். என் அண்ணனின் தாள்களை எடுத்துப் பார்த்தேன். அறுவைக்கு இரண்டு வருடம் முன்பே குறுக்களவு 43 மில்லிமீட்டர் என்று அதில் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் அந்த வரியைப் படிக்கவே இல்லை.

சுங்கை சிப்புட் மகள் | ஆறாம் மாதம், சனி, காலை 11.20

இன்றைய எக்கோ: இ.எஃப். 56 விழுக்காடு. சுருங்கிய நிலையில் கீழறையின் குறுக்களவு 36 மில்லிமீட்டர். கசிவு மிகச் சிறிதளவு. மேலறையும் சுருங்கியிருக்கிறது. அப்பா தோட்டத்து இரண்டாம் பாலம் வரை நடந்து போய், அங்கே நின்று பேசிவிட்டு, நிற்காமல் திரும்பி வருகிறார். அடுத்த எக்கோ ஓராண்டு கழித்து.